சிறந்த அமெரிக்க வேரிசை நிகழ்த்துதலுக்கான கிராமி விருது

அமெரிக்காவின் நாட்டார் மரபில் வேர்கொண்ட இசையைச் சிறப்பாகப் பாடியோ வாசித்தோ பதிவுசெய்த கலைஞருக்கு அந்நாட்டின் ரெக்கார்டிங் அகாடமி ஆண்டுதோறும் வழங்கும் விருது. நாட்டார் பாடல், புளூஸ், புளூகிராஸ், லூசியானாவின் கேஜன், சைடெகோ போன்ற வட்டார இசைகள் இதில் அடங்கும். முழு ஆல்பத்திற்கன்றித் தனிப்பாடலுக்கே தரப்படுகிறது. பாடலை இயற்றியவருக்குச் 'சிறந்த அமெரிக்க வேரிசைப் பாடல்' என்ற வேறு விருது உண்டு.

நாட்டாரிசையை எந்தப் பிரிவில் வைப்பது என்ற குழப்பம் கிராமிக்குத் தொடக்கம் முதலே இருந்தது. 1959இல் நடந்த முதல் விழாவில் நாட்டாரிசைக்குப் பிரிவே இல்லாததால், கிங்ஸ்டன் டிரையோ பாடிய 'டாம் டூலி' என்ற பழைய கொலைப்பாட்டு கன்ட்ரி இசைப் பிரிவில் பரிசு பெற்றது. மறு ஆண்டே நாட்டாரிசைக்குத் தனி விருது ஏற்பட்டது. அதையும் அதே குழுவே வென்றது. 1987இல் மரபு, சமகாலம் என இரண்டாகப் பிரிந்த அவ்விருது, 2012இல் நாட்டாரிசை ஆல்ப விருதாக மீண்டும் ஒன்றானது.

அந்த ஆல்ப விருதினின்று வேறான இப்போதைய நிகழ்த்துதல் விருதை 2015இல் முதலில் பெற்றவர் ரோசன் கேஷ்; கன்ட்ரி இசைஞர் ஜானி கேஷின் மகள். மேவிஸ் ஸ்டேபிள்ஸ் (2016), பிராண்டி கார்லைல் (2019), அலிசன் ரசல் (2024) ஆகியோர் பின்னர் வென்றவர்களுள் சிலர். 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த ஜான் பிரைனுக்கு, அவர் கடைசியாகப் பதிவுசெய்த பாடலுக்காக 2021இல் இவ்விருதும் பாடல் விருதும் சேர்ந்தே வழங்கப்பட்டன. முன்பு இவ்விருதில் அடங்கியிருந்த, வேரிசை வகைகள் கலந்த அமெரிக்கானா இசையின் நிகழ்த்துதலுக்கு 2023 முதல் தனி விருது தரப்படுகிறது. இவ்விரு விருதுகளுக்கும் இடையிலான எல்லை தெளிவானதன்று.