வாத்துவாலும் பாடபேதமும்

உலகத்தில் மொத்தமே 1580 எண்ணிக்கையில் செய்யப்பட்ட ஒரு கார் தம்மிடம் இருக்கிறது என்ற நிறைவே அதை வைத்திருப்பவருக்குப் போதும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைக்கலாம். நடைமுறையில் அப்படியில்லை. போர்ஷே நிறுவனம் 1972 இலையுதிர்காலத்தில் வெளியிட்ட 911 கரேரா ஆர்எஸ் 2.7 என்னும் இருகதவு வண்டியின் உரிமையாளர்கள் பல பத்தாண்டுகளாகத் தங்களுக்குள் வாதிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எது நல்ல வண்டி என்று தொடங்குகிற வாதம், சற்று நேரத்திலேயே எது உண்மையான வண்டி என்று திரும்பிவிடுகிறது. இயந்திரங்களோடு எனக்குப் பெரிய உறவு கிடையாது. ஆனால் இந்த இரண்டாவது கேள்வி இருக்கிறதே, அது சுவடியும் பதிப்பும் பயின்ற எவரையும் நின்று கவனிக்கச் செய்வது. எது மூலபாடம், எது பாடபேதம், எது இடைச்செருகல் என்று நாம் ஏடுகளை வைத்துக்கொண்டு கேட்பதையெல்லாம் இவர்கள் இரும்பை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள்.

வண்டி பிறந்த கதையிலிருந்து தொடங்குவதே முறை. ஏனெனில் சண்டையின் வித்து அங்கேதான் விழுந்தது.

1970, 1971 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லெமான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றது போர்ஷே 917. அதற்குப்பின் விதிகள் மாறின. 1972 முதல் அந்தப் பெரிய எஞ்சின் வண்டிகளுக்கு உலகக் கோப்பைப் போட்டிகளில் இடமில்லை. அதே காலத்தில் போர்ஷே, பியெக் குடும்பத்தினர் நிறுவனத்தின் அன்றாட நிர்வாகத்திலிருந்து விலகிக்கொள்ள, பொறுப்பு எர்ன்ஸ்ட் ஃபூர்மான் என்ற பொறியாளரிடம் வந்தது. 1950களில் போர்ஷேயின் புகழ்பெற்ற நான்கு கேம்ஷாஃப்ட் எஞ்சினை வடிவமைத்தவர் அவர். பந்தயத்துக்கென்று தனியாகப் பணத்தைக் கொட்டி ஒரு வண்டி செய்வதைவிட, கடையில் விற்கும் 911ஐயே பந்தயத்துக்கு ஏற்றதாக்குவது என்ற முடிவு அவர் காலத்தியது. அதற்கு ஒரு நிபந்தனை குறுக்கே நின்றது. பந்தயக் கூட்டமைப்பின் நான்காம் பிரிவில் ஒரு வண்டி ஏற்கப்படவேண்டுமானால், தொடர்ச்சியான பன்னிரண்டு மாதங்களுக்குள் அதில் 500 பிரதிகளாவது செய்யப்பட்டிருக்க வேண்டும். ஹோமலகேஷன் என்று அந்தத் துறையினர் சொல்லும் ஏற்புமுறை இதுதான்.

ஆக, 'குறைந்த எண்ணிக்கைப் பதிப்பு' என்று இன்று பெருமையாகச் சொல்லப்படுகிற இந்த வண்டியைப் பொறுத்தவரை, 500 என்பது குறைந்தபட்ச எண்ணிக்கையாகத்தான் இருந்தது. இவ்வளவுக்குமேல் செய்யமாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. இவ்வளவாவது செய்து தீரவேண்டுமே, யார் வாங்குவார்கள் என்ற கவலைதான் விற்பனைப் பிரிவினருக்கு இருந்தது. அரிதாக்கவேண்டும் என்ற எண்ணத்தில் எதுவும் செய்யப்படவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பொறியாளர்கள் செய்த வேலை கடுமையானது. எஞ்சினின் உருளை விட்டத்தை 84 மில்லிமீட்டரிலிருந்து 90க்கு உயர்த்தினார்கள். 917இல் பயன்பட்ட நிக்கசில் பூச்சு அதைச் சாத்தியமாக்கிற்று. கொள்ளளவு 2687 கன சென்டிமீட்டர், திறன் 210 குதிரை. பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட அகலமாயின. பின்மூடியின்மேல் மேல்நோக்கி வளைந்த ஒரு விளிம்பு வந்து உட்கார்ந்தது. 911இன் எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் தொங்குவது. வேகம் கூடும்போது காற்று பின்பகுதியைத் தூக்கப்பார்க்கும். அந்தத் தூக்கலைக் குறைக்கவே இந்த விளிம்பு. ஹெர்மன் புர்ஸ்ட், டில்மன் ப்ரோட்பெக் என்ற பொறியாளர்களும் ரோல்ஃப் வீனர் என்ற வடிவமைப்பாளரும் சேர்ந்து உருவாக்கியது; 1972 ஆகஸ்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். தூக்கலைக் குறைத்ததோடு உச்சவேகத்தையும் மணிக்கு 4.5 கிலோமீட்டர் கூட்டியது. ஜெர்மானியர் இதற்கு வைத்த பட்டப்பெயர் 'பூர்ட்சல்', பறவைவாலின் அடிப்பகுதி. ஆங்கிலம் பேசுவோருக்கு இது வாத்துவால். கொச்சையாகப் பிறந்த பெயர்கள்தான் நிலைக்கின்றன.

மிச்சமிருந்தது எடை. மெல்லிய தகடு, மெல்லிய கண்ணாடி. பின்னிருக்கை கிடையாது. தரைவிரிப்பு, கைப்பிடித் தாங்கி, கோட்டு மாட்டும் கொக்கி, கடிகாரம் எதுவும் கிடையாது. ஓட்டுநருக்கு அருகில் அமர்பவருக்கு வெயில்மறைப்புகூடக் கிடையாது. முன்மூடியிலுள்ள நிறுவனச் சின்னம் உலோகத்திலில்லை, ஒட்டுத்தாள். அந்தத் துறவில் ஒரு நகைச்சுவை இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. செய்தவர்கள் அதை உணர்ந்திருப்பார்களா என்பது வேறு விஷயம்.

1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வண்டி வைக்கப்பட்டது. விலை 34,000 மார்க். நவம்பர் முடிவதற்குள் ஐந்நூறும் விற்றுவிட்டன. விற்பனைப் பிரிவின் கவலை பொய்த்தது. தொடர்ந்து செய்தார்கள். ஆயிரத்தைத் தொட்டபோது மூன்றாம் பிரிவுக்கும் தகுதி கிடைத்தது. 1973 கோடைக்குள் 1580.

இங்கேதான் ஒரு கணக்கைப் பார்க்கவேண்டும். வாங்குபவர் 700 மார்க் கூடுதலாகக் கொடுத்தால் 'ஸ்போர்ட்' என்ற எம்471 தொகுப்பு. மேற்சொன்ன துறவுக்கோலத்தில் 960 கிலோ வண்டி. 2,500 மார்க் கொடுத்தால் 'டூரிங்' என்ற எம்472 தொகுப்பு; விரிப்பும் இருக்கையும் கடிகாரமும் திரும்பவந்து 1075 கிலோ. அதாவது, பொறியாளர்கள் பாடுபட்டுக் கழித்த எடையில் 115 கிலோவைத் திரும்பப்பெற 1,800 மார்க் அதிகம் கொடுக்கவேண்டும். எத்தனைபேர் கொடுத்தார்கள்? டூரிங் 1308 விற்றது. ஸ்போர்ட் 200. மிச்சத்தில் 55 வண்டிகள் முழுப்பந்தய வடிவமான ஆர்எஸ்ஆர். 17 வண்டிகள் எந்தத் தொகுப்பும் சேராத அடிப்படை வடிவம்.

அந்த 1308 பேரைப் பற்றி யாரும் கவிதை எழுதுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு மலைப்பாதையில் போகவேண்டும், காது செவிடாகக் கூடாது, மணி என்னவென்று தெரியவேண்டும் என்று நினைத்த மனிதர்கள். இன்றைய சந்தையோ அவர்களுடைய தீர்ப்பைத் தலைகீழாக்கிவிட்டது. 2010களின் நடுப்பகுதியில் ஸ்போர்ட் வகை வண்டிகள் ஏலங்களில் பத்து லட்சம் டாலரைத் தாண்டின. டூரிங் வெகுவாகப் பின்தங்கியே நிற்கிறது. அன்று அதிகம்பேர் விரும்பாதது இன்று அரிது; அரிதானதே தூயது என்று ஆகிவிடுகிறது.

வாதத்தின் முதல் அணி ஸ்போர்ட் உரிமையாளர்கள். பொறியாளரின் உள்ளக்கிடக்கை எடைக்குறைப்புதான். ஆகவே எங்களிடம் இருப்பதே மூலம், டூரிங் என்பது வாத்துவால் ஒட்டிய சாதாரண 911 எஸ்தான் என்பது இவர்கள் கட்சி. எதிரணி சொல்வது: எஞ்சின் ஒன்று, சக்கரம் ஒன்று, வால் ஒன்று, நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதில் அரை வினாடி வேறுபாட்டுக்காக இரைச்சலில் உட்கார்ந்திருப்பது எதற்கு? நாங்கள் ஓட்டுகிறோம், நீங்கள் துடைத்து வைத்திருக்கிறீர்கள்.

இரண்டு அணியும் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. ஏற்புக்காகக் காட்டப்பட்ட எடை 900 கிலோ. வண்டிகளை அடிப்படை வடிவிலேயே எடைமேடைக்குக் கொண்டுபோய்ச் சான்று பெற்று, திரும்பத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்து, பிறகுதான் ஸ்போர்ட்டாகவோ டூரிங்காகவோ நிறைவுசெய்தார்கள். கண்டிப்பாகப் பேசினால், ஸ்போர்ட்டும் ஒரு பாடபேதமே. மூலம் என்று எதையாவது சொல்லவேண்டுமானால் அந்தப் பதினேழைத்தான் சொல்லவேண்டும். அவையோ அநேகமாக யாருக்கும் வேண்டாதவையாக இருந்தன. என் அனுதாபம் டூரிங் பக்கம் என்பதை வாசகர் ஊகித்திருப்பார். மக்கள் வாங்கிப் பயன்படுத்திய பாடத்தை, ஆசிரியனின் உத்தேசம் என்று நாம் பின்னாளில் கற்பித்துக்கொண்ட ஒன்றைக்கொண்டு தள்ளிவிட முடியாது.

இதன் நடைமுறை விளைவு என்ன? டூரிங்கை வாங்கி, இருக்கையையும் விரிப்பையும் பிடுங்கியெறிந்து ஸ்போர்ட்டாக மாற்றுவது ஒரு காலத்தில் சாதாரணமாக நடந்தது. அதைவிட எளிதானது, சாதாரண 911 ஒன்றுக்கு வால் மாட்டி, பக்கவாட்டில் 'கரேரா' என்று எழுதி ஆர்எஸ் ஆக்குவது. 911இன் உருவம் அதிகம் மாறாததால் இது கைக்கெட்டிய வித்தை. இவற்றை அடையாளம் காண ஓர் அறிஞர்குழாமே வளர்ந்துவிட்டது. 911360 என்று தொடங்கும் பத்து இலக்கச் சேஸிஸ் எண், எஞ்சின் எண், தொழிற்சாலைப் பதிவட்டையில் எம்471 என்றிருக்கிறதா எம்472 என்றிருக்கிறதா, இந்த வரிசை எண்ணில் எந்தத் தடிமன் தகடு இருந்திருக்கவேண்டும் என்றெல்லாம் பார்க்கிறார்கள். ஏட்டின் எழுத்தமைதியைக் கொண்டு காலத்தைச் சொல்வதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

சரி, எண் பொருந்துகிறது. வண்டி பொருந்துகிறதா? இதுவே உள்ளபடி கடினமான இடம். போர்ஷே 1976 மாடலிலிருந்துதான் தன் உடற்கூட்டுத் தகடுகளுக்குத் துத்தநாகப் பூச்சுக் கொடுத்தது. அதற்கு முந்தைய வண்டிகள் துருவுக்கு விருந்து. ஆர்எஸ்ஸோ மெல்லிய தகடு வேறு. 1973 இறுதியில் எண்ணெய் நெருக்கடி வந்தது. மேற்கு ஜெர்மனியில் நவம்பர் 25 தொடங்கி நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கார் ஓட்டவே தடை. அத்தகைய நாட்களில் இவை பழைய வண்டிகளாகிக் கைமாறின. பலவற்றை ராலிகளிலும் மலையேற்றப் பந்தயங்களிலும் ஓட்டினார்கள், மோதினார்கள், சக்கர வளைவுகளை அகலப்படுத்தினார்கள். ஓட்டுவதற்காகச் செய்த வண்டியை ஓட்டினார்கள். குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? மக்னீசிய உலோகத்தில் வார்த்த எஞ்சின் கூடு விரிசல் கண்டபோது சிலர் வேறு கூடு வாங்கிப் பொருத்தினார்கள்.

ஆக இன்று ஒரு வண்டியில் தரைத்தகடு புதிது, பக்கத்தகடு புதிது, எஞ்சின் கூடு புதிது. புதிய கூட்டில் பழைய எண்ணைத் திரும்பப் பொறிக்கலாமா? பொறித்தால் மோசடி என்பார் ஒருவர். பொறிக்காவிட்டால் தொடர்ச்சி அறுந்துவிடும் என்பார் மற்றவர். பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக்கியபோது, திருக்கோடிக்காவலில் பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய கல்லில் வெட்டச்செய்தார். கல் புதிது, சாசனம் பழையது. கல்வெட்டியலாளர் அதை ஏற்கிறார்கள். காரணம், இது படியெடுத்தது என்ற செய்தியும் அங்கே சேர்த்துப் பொறிக்கப்பட்டிருக்கிறது. கார் உலகில் அந்த ஒருவரியைப் பொறிப்பவர்கள் குறைவு என்பதுதான் சிக்கல்.

அடுத்தது, பந்தயத் தழும்புகள் கொண்ட வண்டியை எந்த நிலைக்கு மீட்பது என்ற வழக்கு. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளுக்கா, பந்தயம் வென்ற நாளுக்கா? சீரமைப்பாளர்களில் பெரும்பாலோர் முதலாவதையே செய்துவந்தார்கள். அகலப்படுத்திய வளைவுகளை வெட்டியெறிந்து, 1973ஆம் ஆண்டு நிறத்தைத் திரும்பப் பூசி, காட்சிக்கூடத்தில் இருந்ததைவிடவும் பளபளப்பாக நிறுத்திவிடுவார்கள். அந்த வண்டி வாழ்ந்த வாழ்க்கை மொத்தமும் போயிற்று. சமீப ஆண்டுகளில் தீட்டாமல், தேய்மானத்தோடு விட்டுவைக்கும் போக்கு வலுத்திருக்கிறது. மங்கிய பழம்பூச்சு உள்ள வண்டிக்கு இப்போது தனி மதிப்பு. ஏட்டில் ஓரக்குறிப்பு எழுதியவனையும் வரலாற்றில் சேர்த்துக்கொள்ளும் மனநிலை இது. எனக்கு உவப்பானது, ஆனால் தேய்மானத்துக்கும் விலை வைத்துவிட்டால் அதையும் செயற்கையாக உண்டாக்குவார்கள் என்ற ஐயம் இல்லாமலில்லை.

இந்த வழக்குகளில் தீர்ப்பளிக்க ஒரு நீதிமன்றம் இல்லை. வண்டி செய்தவர்களுடைய அக்கறை வேறாக இருந்தது. 1973 பிப்ரவரியில் பீட்டர் கிரெக், ஹர்லி ஹேவுட் இருவரும் ஓட்டிய ஆர்எஸ்ஆர் டேடோனா 24 மணிநேரப் பந்தயத்தையும், மே மாதம் ஹெர்பர்ட் முல்லர், ஹைஸ் வான் லென்னப் ஓட்டிய இன்னொன்று சிசிலியின் தார்கா ஃப்ளோரியோவையும் வென்றன. ஐந்நூறு செய்ததன் நோக்கம் அத்தோடு நிறைவேறிவிட்டது.

ஸ்போர்ட் வகையில் கடிகாரம் இல்லை என்றேன் அல்லவா? முன்பலகையில் அது இருக்கவேண்டிய வட்டத்துளையை ஒரு வெற்று மூடியால் அடைத்திருந்தார்கள். அந்த மூடி இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலையும் பொருள். அதற்கும் நகல்கள் செய்து விற்கிறார்கள்.