இல்லாத துவாரங்கள்

நம் நெஞ்சிலுள்ள இருதயம் ஓர் இரட்டை வீடு. உடலெங்கும் சுற்றிக் களைத்த இரத்தம் வலது சோணையறையில் வந்து சேர்ந்து, வலது இதயவறைக்குள் இறங்குகிறது. அவ்வறை அதனைச் சுவாசப்பைகளுக்குத் தள்ளுகிறது. அங்கே பிராணவாயுவைப் பெற்ற இரத்தம், இடது சோணையறை வழியாக இடது இதயவறையை அடைந்து, மீண்டும் உடலெங்கும் செலுத்தப்படுகிறது. இவ்விரு வீடுகளையும் பிரித்து நிற்பது தசையாலான ஒரு தடித்த சுவர். அச்சுவரின் வரலாறே இன்றைய பேச்சுக்குப் பொருளாகும்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் புகழோடு விளங்கிய கேலன் என்னும் வைத்தியர், உணவிலிருந்து ஈரலில் உண்டாகும் இரத்தம் உடலுக்குள் பாய்ந்து செலவாகிவிடுகிறது என்று கருதினார். வலப்பக்கத்து இரத்தம் இடப்பக்கத்துக்குச் செல்வது எவ்வாறு? சுவரிலே கண்ணுக்குப் புலனாகாத துவாரங்கள் உண்டு என்றார் அவர். அத்துவாரங்களை எவரும் கண்டதில்லை. ஆயினும், சொன்னவர் கேலன் என்பதால் நூற்றாண்டு நூற்றாண்டாக அவை நூல்களில் நிலைத்து நின்றன.

முதலில் மறுத்துரைத்தவர் கெய்ரோ நகரத்து வைத்தியர் இப்னு அல்-நபீஸ். சுவர் திண்மையானது, அதில் துவாரமே இல்லை, இரத்தம் சுவாசப்பைகளின் வழியாகவே இடப்பக்கத்தை அடைய வேண்டும் என்று 1242ஆம் ஆண்டளவில் அவர் எழுதிவைத்தார். எனினும் அக்கருத்து நெடுங்காலம் மறைந்து கிடந்தது. 1924இல் எகிப்திய மருத்துவர் ஒருவர் பெர்லின் நூலகத்துக் கையெழுத்துப் பிரதியில் அதனைக் கண்டு வெளிப்படுத்தினார். இதற்கிடையில், ஐரோப்பாவில் இதே கருத்தை 1553இல் தம் சமய நூலொன்றில் எழுதிய மிகாயேல் செர்வெத்து, அவ்வாண்டிலேயே, தம் சமயக் கொள்கைகளுக்காக ஜெனீவாவில் எரிக்கப்பட்டார்.

இத்தாலியின் பாதுவா நகரில் பயின்ற ஆங்கில வைத்தியர் வில்லியம் ஹார்வி கேட்டது எளிய கணக்கு. ஒரு துடிப்பில் அரை அவுன்சு இரத்தமே வெளியேறுகிறது என்று கொள்வோம். அரைமணி நேரத்தில் இருதயம் ஆயிரம் முறைக்கு மேல் துடிக்கிறது. அவ்வாறாயின் 500 அவுன்சு, அதாவது ஏறத்தாழ 14 கிலோகிராம் இரத்தம் வெளியேற வேண்டும்! உண்ணும் உணவு இவ்வளவு இரத்தத்தைத் தர இயலுமா? இயலாது. ஆதலின் அதே இரத்தமே திரும்பத் திரும்பச் சுற்றிவருகிறது. புயத்தைக் கட்டி, நாளங்களை விரலால் அழுத்தி, அவற்றிலுள்ள வால்வுகள் இரத்தத்தை இருதயத்தை நோக்கி மட்டுமே செல்லவிடுகின்றன என்பதையும் அவர் காட்டினார். இவையனைத்தும் அடங்கிய அவரது சிறு நூல் 1628இல் வெளியாயிற்று.

ஒரு குறை மட்டும் எஞ்சியது. நாடிகளிலிருந்து நாளங்களுக்கு இரத்தம் செல்லும் வழியை ஹார்வி கண்டாரில்லை. அவர் 1657இல் மறைந்தார். நான்கு ஆண்டுகளின் பின், மால்பீகி என்னும் இத்தாலியர் தவளையின் சுவாசப்பையில் மயிர்த்துளைக் குழாய்களை நுணுக்குக்காட்டியால் கண்டார். வட்டம் நிறைவுற்றது.

சில குழந்தைகள் அச்சுவரில் மெய்யாகவே துவாரத்துடன் பிறக்கின்றன. சிறியவை தாமே மூடிக்கொள்வதுண்டு. பெரியவற்றை மருத்துவர் சிகிச்சையால் மூடிக் குழந்தையைக் காக்கின்றனர். துவாரம் இருப்பதே இயல்பு என்று உலகம் நம்பியிருந்த வரையில், அதனை நோயென்று அறிந்து மூடுவார் யார்?