பைசாவும் எம்-பெசாவும்

சுவாஹிலி மொழியில் பணத்திற்குப் 'பெசா' என்று பெயர். நம் பைசாதான் அது. இந்துமாக்கடல் வணிகர்களோடு கிழக்கு ஆப்பிரிக்கக் கரையேறிய சொல். 1920 வரை அங்கிருந்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் ரூபாயே செலாவணியாக இருந்தது. ரூபாய் மறைந்தது, பெசா தங்கிவிட்டது. 'மொபைல்' என்பதன் முதலெழுத்தை அதன்முன் சேர்த்து, கென்யாவின் சஃபாரிகாம் நிறுவனம் 2007 மார்ச்சில் தொடங்கிய சேவைதான் எம்-பெசா.

2005இல் வோடஃபோனும் பிரிட்டிஷ் அரசும் செலவிட்டு நடத்திய வெள்ளோட்டத்தின் நோக்கம் வேறு. சிறுகடன் வாங்கியவர்கள் செல்பேசி வழியே தவணை கட்டவேண்டும் என்பதே திட்டம். மக்களோ அதைக்கொண்டு ஒருவருக்கொருவர் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். நைரோபியில் உழைப்பவர், ஊரிலுள்ள தாய்க்குப் பணம் அனுப்பப் பேருந்து ஓட்டுநரையோ ஊர் திரும்பும் உறவினரையோ நம்பியிருந்த காலம் அது. இப்போது தெருமுனைக் கடைக்காரரிடம் ரொக்கத்தைக் கொடுத்தால் போதும்; ஒரு குறுஞ்செய்தியில் அது ஊர் போய்ச் சேர்ந்துவிடும். 2007 டிசம்பர் தேர்தலையொட்டி வன்முறை மூண்டபோது, குடியிருப்புகளுக்குள் சிக்கியவர்களுக்கு உறவினர்களின் உதவி இவ்வழியே வந்தது.

இதனால் வாழ்வு மேம்பட்டதா? தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்னும் பொருளியலாளர்கள் பல்லாண்டுகள் ஆராய்ந்தார்கள். நோயோ வேலையிழப்போ தாக்கியபோது, எம்-பெசா இல்லாத குடும்பங்களின் நுகர்வு 7 விழுக்காடு குறைந்தது. பயன்படுத்திய குடும்பங்களில் அத்தகைய வீழ்ச்சி இல்லை என்று 2014இல் எழுதினார்கள். தொலைவிலிருப்பவரும் உடனே கைகொடுக்க முடிந்ததே காரணம். 1,94,000 குடும்பங்கள், அதாவது கென்யக் குடும்பங்களில் 2 விழுக்காடு, வறுமையிலிருந்து மீண்டதாக 2016இல் மதிப்பிட்டார்கள். பெண்கள் தலைமையேற்ற குடும்பங்களில் பயன் கூடுதலாக இருந்தது.

இம்மதிப்பீட்டை மறுப்பவர்களும் உண்டு. நொடித்துப்போன சிறுதொழில்களும் ஏறிய கடனும் கணக்கில் வரவில்லை என்று மில்ஃபோர்ட் பேட்மேன் முதலியோர் 2019இல் எழுதினார்கள். அவர்கள் கவலையைப் புறந்தள்ள முடியாது. 2012இல் இதே சேவையின் மேல் எம்-ஷ்வாரி என்னும் கடன்திட்டம் வந்தது; 30 நாள் கடனுக்குக் கட்டணம் 7.5 விழுக்காடு. பின்னர் கடன் செயலிகள் பெருகின. அவற்றைக் கட்டுப்படுத்த 2021இல் சட்டம் தேவைப்பட்டது.

சிறுகடனுக்கென்று செய்யப்பட்ட கருவியை மக்கள் உறவின் கருவியாக மாற்றினார்கள். அது மீண்டும் கடனின் கருவியாகியிருக்கிறது. தாய்க்குப் பணம் கொண்டுசேர்க்கும் அதே செல்பேசிதான் தவணைக்கும் நினைவூட்டுகிறது. எது மிகுதியாக ஒலிக்கிறது என்பதைப் பொறுத்தே அந்த வீட்டின் நலம் அமைகிறது.