உழைப்பே சேகரம்: வட அமெரிக்க முன்னோடிக் குடியிருப்பு அருங்காட்சியகங்களின் நிர்வாகம் குறித்து ஓர் ஆய்வு

1. எல்லையும் கேள்வியும்

கண்ணாடிப் பெட்டிக்குள் பழம்பொருளை வைத்துக் காட்டும் அருங்காட்சியகத்துக்கு என்னென்ன தேவை என்பது ஓரளவு தெரிந்ததே: பூட்டு, ஈரப்பதக் கட்டுப்பாடு, பதிவேடு, காவலர். அதே பொருளைக் கையில் எடுத்து வேலை செய்து காட்டும் இடத்துக்கு இவை போதா. கோடரியைக் காட்ட வேண்டுமென்றால் வெட்ட மரம் வேண்டும், வெட்டத் தெரிந்த கை வேண்டும். வெட்ட வெட்டக் கோடரி தேயும். பொருளைத் தேயவிடாமல் காப்பதுதான் அருங்காட்சியகத்தின் வேலை என்றால், இந்த வகை நிறுவனம் அந்த வேலைக்கு நேர் எதிராக நடக்கிறது.

இவ்வகைக்குத் தொடக்கம் சுவீடன். 1891-இல் ஆர்தர் ஹசேலியுஸ் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சன் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தை நிறுவினார். நாட்டின் பல பகுதிகளிலிருந்து பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தி, அவற்றில் மரபு உடையணிந்த ஆட்களையும் கால்நடைகளையும் இருக்கச் செய்தார். வட அமெரிக்காவில் இது ‘வாழும் வரலாறு’ என்ற பெயரில் பரவியது. இக்கட்டுரை காடு திருத்திக் குடியேறிய முன்னோடிகளின் வாழ்வைக் காட்டும் மூன்று இடங்களையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது: இந்தியானா மாநிலத்தின் கானர் பிரெய்ரி, அயோவாவின் லிவிங் ஹிஸ்டரி ஃபார்ம்ஸ், கனடாவின் ஒன்டாரியோவிலுள்ள அப்பர் கனடா வில்லேஜ். மற்றவை தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

இந்த இடங்களில் அசலான சேகரம் வீடுகளோ கருவிகளோ அல்ல, வேலை செய்யும் அறிவுதான் என்பது என் வாதம். நிர்வாகச் சிக்கல்களில் பெரும்பாலானவை இதை ஏற்காததால் வருகின்றன.

2. வீடுகளும் ஆண்டும்

இத்தகைய ஊரில் நிற்கும் கட்டடங்கள் மூன்று வகை. தான் பிறந்த மண்ணிலேயே நிற்பது ஒன்று, வேறிடத்திலிருந்து பெயர்த்து வந்தது ஒன்று, சான்றுகளைக் கொண்டு புதிதாகக் கட்டியது ஒன்று. கானர் பிரெய்ரியில் வில்லியம் கானர் 1823-இல் கட்டிய செங்கல் வீடு முதல் வகை. அதே வளாகத்திலுள்ள பிரெய்ரிடவுன் என்ற சிற்றூரின் பழைய வீடுகள் பிற இடங்களிலிருந்து வந்தவை. இல்லினாயில் ஆபிரகாம் லிங்கன் இளமையில் வாழ்ந்த நியூ சேலம் பெரும்பாலும் 1930-களில் மறுபடி எழுப்பப்பட்டது. அங்கே அசலாக எஞ்சியது பீப்பாய் செய்யும் பட்டறை ஒன்றே.

பிரெய்ரிடவுன் என்ற ஊர் வரலாற்றில் இருந்ததே இல்லை. வீடுகள் உண்மை, ஊர் கற்பனை. இதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த ஊரில் யார் யார் இருந்தார்கள், யாருக்கு யார் கடன்பட்டார்கள் என்பதையெல்லாம் நிறுவனமே எழுதித்தான் ஆக வேண்டும். அதற்கு அடிப்படை, தேர்ந்தெடுக்கும் ஆண்டு. பிரெய்ரிடவுனுக்கு 1836. அந்த ஆண்டில்தான் இந்தியானா சட்டமன்றம் கால்வாய்களுக்கும் சாலைகளுக்கும் பெருந்தொகை ஒதுக்கிச் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டே நாடெங்கும் நிதி நெருக்கடி வெடித்தது. 1836-இன் கடைக்காரர் கால்வாய் வரும், நிலத்தின் விலை ஏறும் என்று நம்பித்தான் பேச முடியும். ஓராண்டு தள்ளி வைத்திருந்தால் அதே கடையில் வேறு பேச்சு.

அப்பர் கனடா வில்லேஜ் 1860-களைக் காட்டுகிறது. அந்தக் காலத்துக்குள் முதல் தலைமுறைக் குடியேறிகளின் மரக்குடிசை வாழ்க்கை பெரும்பாலும் முடிந்து, நீராவி ஆலையும் ஓட்டலும் வந்துவிட்டன. ‘அப்பர் கனடா’ என்ற ஆட்சிப்பகுதிப் பெயர்கூட 1841-லேயே வழக்கொழிந்தது. ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுக்கும் சிக்கலை லிவிங் ஹிஸ்டரி ஃபார்ம்ஸ் வேறு விதமாகத் தீர்த்தது. 1970-இல் வேளாண் பொருளியல் பேராசிரியர் வில்லியம் முர்ரே முன்னின்று தொடங்கிய இந்த இடத்தில் 1700-இன் அயோவே பழங்குடிப் பண்ணை, 1850-இன் முன்னோடிப் பண்ணை, 1900-இன் குதிரைப் பண்ணை ஆகியவை ஒரே வளாகத்தில் உள்ளன. நடந்து போகும்போதே கலப்பையும் விதைக்கும் முறையும் மாறுவது தெரியும். மூன்றில் எனக்கு இந்த ஏற்பாடே நேர்மையானதாகப் படுகிறது.

3. வேலை

நிர்வாகத்தின் நிஜமான சுமை இங்கேதான் இருக்கிறது. முதலில் அடுப்பு. 1836-இன் வீட்டுப் பெண் கணப்படுப்பின் முன் குனிந்து, கால் வைத்த இரும்புச் சட்டியின் மூடிமேல் தணல் அள்ளிப்போட்டு ரொட்டி சுடுகிறாள். அவள் பாவாடை தரையைத் தொடுகிறது. அது கம்பளியாக இருந்தால் நெருப்புப்பொறி பட்டாலும் கருகி அடங்கும். பருத்தி சட்டென்று பற்றும். செயற்கை இழையோ உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். எனவே உடையின் துணி வரலாற்றுத் துல்லியத்துக்கான விஷயம் மட்டுமல்ல, பணியாளரின் பாதுகாப்பும் அதில் அடங்கியிருக்கிறது. இத்தனைக்கும் பிறகு அந்த ரொட்டியைப் பார்வையாளருக்குக் கொடுக்கப் பல இடங்களில் சுகாதார விதி இடம் தருவதில்லை. மணம் மட்டும் அவர்களுக்கு, ரொட்டி பணியாளர்களுக்கு.

அடுத்தது மாடு. குடியேறிகளில் பலர் காடு திருத்தக் குதிரையைவிடக் காளையையே நம்பினார்கள். அது மலிவு, பொறுமையானது, கடைசியில் இறைச்சியும் ஆகும். நம் ஊர் உழவர் அந்தக் காளைகளைப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் உடனே கண்ணில் படும். ஒன்று, திமில் இல்லை. நம் மாட்டின் திமில் நுகத்தடியைத் தாங்கி நிறுத்துவதுபோல் அங்கே எதுவும் இல்லை என்பதால், வளைத்த மரக்கொம்பு ஒன்றைக் கழுத்துக்குக் கீழே கொடுத்து நுகத்தில் மாட்டுகிறார்கள். இரண்டு, மூக்கணாங்கயிறு இல்லை. ஓட்டுபவர் இடப்பக்கம் நடந்துகொண்டே ‘ஜீ’ என்றால் வலம், ‘ஹா’ என்றால் இடம் என்று குரலாலேயே நடத்துகிறார். கையிலுள்ள கோல் பெரும்பாலும் சைகைக்குத்தான். குரலுக்குக் கட்டுப்படும் சோடியைக் கன்றுப் பருவத்திலேயே தொடங்கிப் பழக்க வேண்டும். சுமார் நான்கு வயதில்தான் அதை முழு உழவுக் காளை என்று சொல்வார்கள். கயிற்றைப் பிடித்து இழுத்துச் சமாளிக்கும் வழியில்லை என்பதால், பழக்கியவர் வேலையை விட்டுப் போனால் பாதிப் பழக்கமும் அவரோடு போய்விடுகிறது.

எந்தக் காளை என்பது இன்னொரு தலைவலி. இருபதாம் நூற்றாண்டின் பண்ணைத் தொழில் சில இனங்களை மட்டும் வளர்த்து மற்றவற்றைக் கைவிட்டது. மாசசூசெட்ஸின் ஓல்டு ஸ்டர்பிரிட்ஜ் வில்லேஜ் 1970-களில் பழைய இனக் கால்நடைகளைத் தேடியபோதுதான் அவற்றில் பல அருகிப்போனது வெளிச்சத்துக்கு வந்தது. அந்தத் தேடலையொட்டி 1977-இல் அருகிவரும் கால்நடை இனங்களைக் காக்கும் அமைப்பொன்று அமெரிக்காவில் தோன்றியது. வர்ஜீனியாவின் காலனியல் வில்லியம்ஸ்பர்க் ‘லெஸ்டர் லாங்வூல்’ ஆடுகளை 1990-இல் டாஸ்மேனியாவிலிருந்து வரவழைத்தது. காட்சிக்காகத் தேடப்போய் மரபணு வளத்தைக் காப்பாற்றும் வேலையும் தலையில் விழுந்தது. இதைத் திட்டமிட்டுச் செய்தவர் யாரும் இல்லை.

மூன்றாவது, ஆலை. கைக்கருவிக்கு மாற்று செய்யலாம். அசலைக் கிடங்கில் பூட்டிவிட்டு, கொல்லன் அடித்த புதிய பிரதியை வேலைக்குக் கொடுப்பதே பொதுவான வழக்கம். பல இடங்களில் சமையலறைக் கொக்கியை அந்த ஊர்க் கொல்லனே அடிக்கிறான். ஆனால் ஆலைக்குப் பிரதி செய்வது எளிதல்ல. அப்பர் கனடா வில்லேஜில் பெல்லமி மாவு ஆலை அரைக்கும் மாவு ஊர் அடுமனைக்குப் போய் ரொட்டியாகி விற்பனைக்கு வருகிறது. ஏசல்ஸ்டைன் கம்பளி ஆலையில் பழைய எந்திரங்களே இன்னும் நூல் நூற்கின்றன. ஓடவிட்டால் பற்சக்கரம் தேயும், நிறுத்தி வைத்தால் துரு ஏறும். எத்தனை மணி ஓட்டலாம் என்பதை அந்த எந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே சொல்லக்கூடியவர் ஓரிருவர்தான் இருப்பார்கள். ஆலையின் உண்மையான கையேடு அவர்களே. பதிவேட்டில் எந்திரத்துக்கு எண் உண்டு, இவர்களுக்கு இல்லை.

இந்த அறிவைக் கைமாற்றுவதற்காகவே 1970-இல் வாழும் வரலாறு, பண்ணை, வேளாண் அருங்காட்சியகங்களின் சங்கம் உருவானது. அதன் மாநாடுகளில் கட்டுரை வாசிப்போடு உழவுப் போட்டியும் நடக்கும். வேறு எந்த அறிஞர் சங்கத்திலும் இப்படி ஒரு வழக்கம் இருக்குமா என்பது சந்தேகமே. ஆனால் சங்கத்தால் சம்பளம் கொடுக்க முடியாது. பனிக்காலத்தில் மூடிக் கோடையில் திறக்கும் ஊரில் பெரும்பாலானோர் பருவகாலப் பணியாளர்கள், அவர்களிலும் மாணவர் பலர். வேலை கைவரும் நேரத்தில் கல்லூரி திறந்துவிடுகிறது.

4. பேச்சு

விளக்குநர் எந்த இடத்தில் நின்று பேசுவது? ‘நான் 1836-இல் வாழும் மருத்துவர்’ என்று தன்மை நிலையில் பேசுவது ஒரு முறை. ‘அக்காலத்தில் அவர்கள் இப்படிச் செய்தார்கள்’ என்று படர்க்கையில் விளக்குவது இன்னொன்று. மாசசூசெட்ஸின் பிளிமத் அருங்காட்சியகம் 1970-களின் இறுதியில் முதல் முறைக்கு முழுமையாக மாறியது. கானர் பிரெய்ரியும் அதில் பெயர் பெற்றது.

தன்மை நிலை நாடகமாக விறுவிறுப்பானது. அறிவாகப் பார்த்தால் அதற்கு ஒரு முட்டுக்கட்டை உண்டு. 1836-இன் மனிதருக்கு 1837 தெரியாது. ‘இந்தக் கால்வாய்த் திட்டம் என்ன ஆயிற்று?’ என்று கேட்டால் அவர் விழிக்கத்தான் முடியும். 2000-களின் தொடக்கத்தில் கானர் பிரெய்ரி பார்வையாளர் குடும்பங்களின் உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்தது. விளக்குநர்கள் மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதும், குடும்பங்கள் பேச இடமில்லாமல் நிற்பதும் அதில் தெரிந்தன. அதன்பின் பார்வையாளரின் ஆர்வத்திலிருந்து பேச்சைத் தொடங்கும் வகையில் பயிற்சி முறை மாற்றப்பட்டது. அதாவது விளக்குநரை ஒப்பனை செய்த நடிகராக நடத்துவதிலிருந்து, குழந்தையின் கையில் கருவியைக் கொடுக்கும் ஆசிரியராக நடத்துவதை நோக்கி நகர்ந்தது.

சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவும் ஸ்கான்சன் வழி வந்ததுதான். அங்கும் தென்னிந்திய வீடுகளைப் பெயர்த்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் அங்கே சக்கரம் சுழற்றும் குயவர் தாமாகவே பேசுகிறார். வேறொரு நூற்றாண்டின் குயவராக நடிக்கவில்லை. இந்தியானாவில் அறுந்து போன தொழிலைப் பிரதி எடுக்க வேண்டியிருக்கிறது. இங்கே தொழில் இன்னும் ஒருவரின் பிழைப்பாக இருக்கிறது. எனவே தன்மையா படர்க்கையா என்ற அமெரிக்க விவாதம் இங்கே அப்படியே பொருந்துவதில்லை.

5. காட்சிக்கு வராதவர்கள்

வில்லியம் கானரின் செங்கல் வீட்டுக்கு முந்தைய கதை ஒன்று உண்டு. அவர் லெனாப்பே மக்களோடு வணிகம் செய்தவர், அவர்கள் மொழி அறிந்தவர், அவர்களில் ஒருத்தியான மெக்கின்ஜஸை மணந்து ஆறு குழந்தைகள் பெற்றவர். 1818-இன் செயின்ட் மேரிஸ் உடன்படிக்கையால் லெனாப்பே மக்கள் மத்திய இந்தியானாவை விட்டு மேற்கே போக நேர்ந்தது. மெக்கின்ஜஸும் குழந்தைகளும் 1820-இல் தம் மக்களோடு போனார்கள். கானர் தங்கிவிட்டார். அதே ஆண்டில் எலிசபெத் சாப்மனை மணந்தார். மூன்றாண்டில் இந்த வீடு எழுந்தது. 1934-இல் மருந்து நிறுவன அதிபர் ஈலை லில்லி இதை வாங்கிப் புதுப்பித்தபோது அவருக்கு இது முன்னோடியின் வீடு. மெக்கின்ஜஸின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது அவர் வெளியேறிய பின் கட்டிய வீடு. சுற்றுலாவின் முதல் ஐந்து நிமிடத்தில் இதைச் சொல்வதா, கடைசியில் சொல்வதா என்பது வெறும் நேர ஒதுக்கீடு அல்ல.

கானர் பிரெய்ரி 1998-இல் ஓர் இரவு நிகழ்ச்சியைத் தொடங்கியது. அதில் பார்வையாளர்கள் அடிமை நிலையிலிருந்து தப்பி ஓடுபவர்களாக இருட்டில் நடத்தப்பட்டார்கள். பாராட்டும் வந்தது, அடிமைப்பட்டோரின் துயரம் விளையாட்டாகிறது என்ற கண்டனமும் வந்தது. பிற்பாடு அது நிறுத்தப்பட்டது. கண்டனத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ரொட்டி சுடுவதைச் செய்து பார்த்துக் கற்கலாம். அச்சத்தை டிக்கெட் வாங்கிக் கற்க முடியாது.

அப்பர் கனடா வில்லேஜின் மௌனம் வேறு வகை. செயின்ட் லாரன்ஸ் நீர்வழி, மின் திட்டத்துக்காக 1958 ஜூலை 1 அன்று ஆற்றங்கரை நீரில் மூழ்கடிக்கப்பட்டது. சுமார் 6,500 பேர் இடம்பெயர்ந்தார்கள். ஆக்வசாஸ்னேயின் மோஹாக் மக்களும் இத்திட்டத்தால் நிலம் இழந்தனர். மூழ்கவிருந்த பகுதியிலிருந்து மீட்ட கட்டடங்களை வைத்தே 1961-இல் அருங்காட்சியகம் திறந்தது. மூலினெட் ஊரின் கிறிஸ்து ஆலயம் அவற்றில் ஒன்று. ஆனால் ஆலயம் ஏன் இங்கே வந்தது என்ற கதை 1950-களுக்கு உரியது. காட்சியோ 1860-களில் நிற்கிறது. இடம்பெயர்ந்தோர் தரப்பின் நினைவுகளுக்கு ‘இழந்த ஊர்கள் வரலாற்றுச் சங்கம்’ தனியாக ஒரு சிறு அருங்காட்சியகம் அமைக்க வேண்டியிருந்தது.

6. பணமும் பொறுப்பும்

நுழைவுக் கட்டணம் மட்டும் இத்தகைய இடத்தைத் தாங்காது. ஒன்டாரியோவில் மாகாண அரசின் ஆணையம் பொறுப்பேற்றிருக்கிறது. கானர் பிரெய்ரியை லில்லி 1964-இல் எர்ல்ஹாம் கல்லூரியிடம் ஒப்படைத்தார், பெரும் நிதிக்கொடையும் அளித்தார். நிதி யாருக்கு என்ற தகராறு வளர்ந்து, 2003-இல் கல்லூரி அருங்காட்சியகத்தின் நிர்வாகக் குழுவை நீக்கும் அளவுக்குப் போனது. மாநில அட்டர்னி ஜெனரல் தலையிட்ட பின், 2006-இல் கானர் பிரெய்ரி தனி அமைப்பாயிற்று. கொடையாளரின் ஒரே கையெழுத்தில் கல்விக்கும் காளைக்கும் சேர்த்துப் பணம் எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு இது பாடநூல் எடுத்துக்காட்டு.

பணம் இருக்கும்போதும் அது எதற்குச் செல்கிறது என்பதே மேலே சொன்ன வாதத்தின் சோதனை. புதிய கட்டடத்துக்கு நன்கொடை கேட்பது எளிது, அதன் சுவரில் பெயர் பொறிக்கலாம். மரச்சில்லுக் கூரையை மாற்றுவதற்குக் கேட்பது கடினம். மாடு பழக்குபவரின் பனிக்காலச் சம்பளத்துக்கு யாரும் பெயர்ப்பலகை கேட்பதில்லை. வரவு செலவுத் திட்டம் ஆண்டுக்கு ஒருமுறை எழுதப்படுகிறது. இன்று வாங்கும் கன்று உழவுக்கு வர நான்கு வரவு செலவுத் திட்டங்கள் ஆகும். இடையில் ஒரே ஓர் ஆண்டில் அந்தச் சம்பளத்தை வெட்டினாலும், ஐந்தாம் ஆண்டில் களத்தில் நிற்பது உழத் தெரியாத இரண்டு பெரிய மாடுகளும், அவற்றை ஓட்டத் தெரியாத ஒரு புதிய பணியாளரும்தான்.