ஏ உரிமம், சி உரிமம்: கேமரன் மலை லாரிக் கூலியின் வரலாறு குறித்து

கேமரன் மலையின் வரலாற்றை எழுத வருபவர் எஸ். ராபர்ட் எய்க்கனுக்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது. 1994இல் வெளிவந்த அவருடைய 'இம்பீரியல் பெல்வெடேர்ஸ்' என்ற நூல், பினாங்கு மலை, மேக்ஸ்வெல் மலை, ஃபிரேசர் மலை ஆகியவற்றோடு கேமரன் மலையையும் காலனிய மலைவாசத் தலம் என்ற ஒரே வகையில் வைக்கிறது. சமவெளியின் வெக்கைக்குத் தப்பி ஐரோப்பியர் ஓய்வும் உடல்நலமும் தேடிய இடங்கள் இவை என்பது அதன் மையம். முதல் மூன்றுக்கும் அந்த வாசிப்பு பொருந்துகிறது. கேமரனையும் அதே வரிசையில் நிறுத்தியதுதான் எனக்கு உடன்பாடற்றது. அந்த வகைப்பாட்டில் லாரிக்கு இடமே இல்லாமல் போகிறது.

பாதைகளை ஒப்பிட்டாலே வேறுபாடு தெரியும். பினாங்கு மலைக்கு 1923இல் இழுவை ரயில் வந்தது. மேக்ஸ்வெல் மலைக்கு ஜீப்தான் போனது. ஃபிரேசர் மலையின் குறுகிய வழியில் வண்டிகளை ஏறுமுறை, இறங்குமுறை என்று நேரம் பிரித்து விட்டார்கள். இம்மூன்றும் ஆள் ஏறுவதற்கான வழிகள், சுமை இறங்குவதற்கானவை அல்ல. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் மோட்டார் சாலையோ 1926இல் தொடங்கி 1930களின் தொடக்கத்தில் முடிந்தது. ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவியது 1929இல், அதாவது சாலை முழுமையடையும் முன்பே. மலையிலிருந்து சரக்கு கீழே போய்ச் சேரும் என்ற நம்பிக்கை இல்லாமல் ஒருவர் அங்கே தேயிலையில் முதலிடுவாரா? 1925இல் மலையேறிய காலனிய நிர்வாகி ஜார்ஜ் மேக்ஸ்வெல்லின் மனத்தில் ஓய்விடமும் இருந்தது என்று எய்க்கன் தரப்பில் வாதிடலாம். இருந்திருக்கும். ஆனால் 1920களிலேயே தானா ராத்தாவில் வேளாண் சோதனை நிலையம் அமைத்ததை ஓய்விடக் கணக்கில் எழுத முடியாது.

ஆயினும் சுயேச்சை லாரிக்காரரை உருவாக்கியது தேயிலை அல்ல. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நாலரை முதல் ஐந்து கிலோ பசுந்தழை வேண்டும். தழை தோட்டத்து ஆலையிலேயே வாடி, தன் நீரெடையை அங்கேயே விட்டுவிடுகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள மலை என்பதால் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கிறார்கள். எனவே தேயிலைச் சுமை இலேசானது, சீரானது, ஒருநாள் தாமதித்தாலும் கெடாதது. தோட்டம் தன் லாரியையே வைத்துச் சமாளித்துவிடும். முட்டைக்கோசு அப்படியல்ல. அது முழு நீரெடையோடு இறங்கவேண்டும், விடிவதற்குள் கோலாலம்பூர் செலாயாங் மொத்தச் சந்தையை அடையவேண்டும். காய்கறிச் சுமை தேயிலைச் சுமையை எப்போது முந்தியது? போருக்குப் பிந்திய பத்தாண்டுகளில் என்று கருதுகிறேன். ஆனால் 1930களிலேயே சீன விவசாயிகளின் காய்கறித் தோட்டங்கள் அங்கே இருந்ததால், இன்னும் முன்னால் என்று ஒருவர் சொன்னால் மறுக்கமாட்டேன்.

கூலி எப்படி நிர்ணயமாகிறது என்பதற்கான முக்கியமான தடயம் சட்டத்தில் இருக்கிறது. பிரிட்டனின் 1933ஆம் ஆண்டுச் சாலை, ரயில் போக்குவரத்துச் சட்டம், ரயில்வேயை லாரிப் போட்டியிலிருந்து காக்க, சரக்கு வண்டிகளுக்கு மூன்று உரிமங்களை வகுத்தது. ஏ உரிமம் பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்றுபவருக்கு, சி உரிமம் தன் சரக்கை மட்டும் ஏற்றுபவருக்கு. இடையிலிருந்த பி உரிமம், தன் சரக்கோடு வரம்புக்குட்பட்டுப் பிறர் சரக்கையும் கூலிக்கு ஏற்ற இடம் தந்தது. மலேசியாவில் 1987ஆம் ஆண்டின் வணிக வாகன உரிம வாரியச் சட்டத்திலும், தீபகற்பத்தில் அதன் இடத்துக்கு வந்த 2010ஆம் ஆண்டின் நிலப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்திலும் சரக்கு வண்டிக்கு ஏ, சி என்ற இரண்டே வகை. எழுத்து வரிசையில் உள்ள இந்த இடைவெளியே, பிரிட்டிஷ் சட்டம்தான் இதற்கு மூலம் என்று என்னை நினைக்கவைக்கிறது. இது ஊகம்தான். ஆனால் வேறெந்த வழியிலும் ஏ-க்கு அடுத்து சி வருவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

காணாமற்போன பி, கேமரன் மலைக்கு வேறெந்த இடத்தையும்விட அதிகம் தேவைப்பட்ட உரிமம். பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சொந்த லாரி வைத்திருக்கும் ஒரு விவசாயியை எண்ணிப்பாருங்கள். அவருடைய கோசு பாதி லாரிதான் நிரப்புகிறது. சி உரிமத்தில் பக்கத்துத் தோட்டத்துத் தக்காளியைக் கூலிக்கு ஏற்ற முடியாது. சீனப் புத்தாண்டுக்கு முன் கிராக்கி ஏறி லாரிக்குத் தட்டுப்பாடு வரும்போது அந்தப் பாதி லாரி காலியாகவே மலையிறங்குகிறது, ஏ உரிமக்காரர் கேட்டதே கூலி. அக்டோபர், நவம்பர் அடைமழையில் கீரை அழுகி விளைச்சல் சுருங்கும்போது நிலைமை திரும்புகிறது. காய் விலை ஏறும், ஏற்றுவதற்குச் சுமை இருக்காது, ஏ உரிமக்காரர் வண்டித் தவணையைக் கையிலிருந்து கட்டுவார். மேலேறும் பயணத்தில் உரமும் மளிகையும் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் வெறும் வண்டிதான். ஆகவே கூலி எப்போதும் இரு வழிக்கும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. தூரத்தை மட்டும் வைத்து இந்த மலையின் கூலியை விளக்க முயல்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

2000களின் தொடக்கத்தில் சிம்பாங் பூலாய் சாலை திறந்தபின் கம்போங் ராஜா, புளூ வேலி பகுதிச் சரக்கு தாப்பா வளைவுகளைச் சுற்றாமல் ஈப்போ பக்கம் இறங்கியது. அதுவரை பகாங் மாநிலத்தைச் சேர்ந்த இந்த மலையின் சரக்குக்குப் பேராக் மாநிலத்துத் தாப்பா ஒன்றே வாசல். மண்சரிந்து வழி அடைபட்டால் அன்றைய கூலிக்கு எல்லையே கிடையாது. இரண்டாம் வழி வந்தபின் அந்தத் திடீர் ஏற்றம் தணிந்திருக்கவேண்டும். சுங்கை கோயான் வழியாகப் பகாங்குக்கே நேராக இறங்கும் சாலை அதற்கும் பின்னால் வந்தது.

வழியைப் போல எரிபொருள் விலையும் கூலியை அசைக்கும். 10 ஜூன் 2024 அன்று தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆனது. தகுதிபெற்றுப் பதிந்துகொண்ட சரக்கு வண்டிகளுக்குப் பழைய விலையே தொடர்ந்தது. தகுதிபெற்ற சிறு விவசாயிகளுக்கு மாதம் 200 ரிங்கிட் ரொக்கம் தரப்பட்டது. கூடிய விலை லிட்டருக்கு 1.20 என்பதால், அந்த ரொக்கம் அப்போது ஏறத்தாழ 167 லிட்டருக்கு ஈடாக இருந்தது. செலாயாங் போய்வர 400 கிலோமீட்டர், நடுத்தர லாரி லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் ஓடும் என்று கொண்டால், இரண்டு நடைக்குள் அது தீர்ந்துவிட்டது. பதிவில்லாத லாரியில் மாதத்தின் மூன்றாவது நடையிலிருந்து விவசாயி முழு விலையையும் தாமே சுமந்தார். வண்டியில் பாதி இடம் இருந்தும் அந்தச் செலவைப் பக்கத்துத் தோட்டத்தாரோடு பகிர்ந்துகொள்ள சி உரிமம் அவரை விடுவதில்லை.