பழங்கலம் பேணுதல்

நம் மரக்காணமே சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொண்ட முடிபு. அந்நூலைப் பாடிய நத்தத்தனாரும் நமக்கு அண்டையிலுள்ள இடைக்கழிநாட்டு நல்லூரினர். கடலலை கரையில் ஒதுக்கிய மணமுள்ள மரங்களை அவ்வூர்ப் பரதவமகளிர் விறகாக எரித்துத் தேறல் காய்ச்சினர் என்று அப்புலவர் கூறுகின்றார். நெடுந்தொலைவிலிருந்து வந்த அரிய மரம் நம் கரையில் அடுப்பெரிக்கவே பயன்பட்டது! இச்செய்தியைப் பள்ளியிற் பாடம் சொல்லுந்தோறும் நமக்கு வேறொரு மரத்தின் நினைவு எழுவதுண்டு. அதுவே உப்புப் படகு.

சென்னைக்கு வடக்கே 1806-ஆம் ஆண்டு தொடங்கிய கால்வாய், படிப்படியாக நீண்டு, தெற்கே நம் மரக்காணத்தில் வந்து முடிந்தது. 1877, 1878-ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில் கூலியின்றித் தவித்த ஏழைகளைக் கொண்டு சென்னை நகரத்துள் இடைப்பட்டிருந்த துண்டை வெட்டி இணைத்து, அக்காலக் கவர்னரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் என வழங்கினர். அதன் வழியே நம் அளத்து உப்பு பாய் விரித்த படகுகளிலே சென்னை சென்றது. காற்று வாய்த்தபோது பாய், வாயாதபோது மூங்கிற்கழி, அதுவும் இயலாதவிடத்துக் கரைமேல் நடந்து தோளிற் கயிறு கோத்து இழுத்தல். இத்தொழிலில் முதுகு வளைந்த முன்னோர் இல்லாத குடும்பம் நம்மவருள் அரிது. இருப்புப்பாதையும் லாரியும் வந்தபின் அவ்வாணிகம் மெலிந்தது; கால்வாய் தூர்ந்தது; படகுகள் கரையேறிக் கிடந்து மக்கின. அடுப்புக்குப் போனவையும் உண்டென்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

நிற்க. பழைய மரக்கலம் கைவிடப்பட்டால் அழிவதுதான் அதன் விதியோ? அன்று என்பதற்குச் சான்றுகள் உள. நம் இனத்தார் கட்டிய கலத்தை முதற்கண் கூறுவோம். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தாற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் இருபாய்மரக் கப்பலை, உலகைச் சிறு பாய்க்கலத்திற் சுற்றிவந்த வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அக்கப்பல் 1937-ஆம் ஆண்டு புறப்பட்டுச் செங்கடல், சூயசு, மத்தியதரைக்கடல் கடந்து, அட்லாண்டிக்கைத் தாண்டி, 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்தது. உடன் சென்ற மாலுமிகள் வல்வெட்டித்துறைத் தமிழர். நீராவிக் கப்பலும் எண்ணெய்க் கப்பலும் கடலை ஆண்ட அந்நாளில், வேம்பும் கயிறும் பாயுமே துணையாக அவர்கள் சென்றனர். கலத்திற்குப் பழம்பெயர் நீங்கி ராபின்சனின் மனைவியாராகிய புளோரன்சின் பெயர் ஏறிற்று. அவர் தம் வீட்டுக்குக் கொண்டு சேர்த்தார். நமக்கோ ஒரு கலம் வீட்டைவிட்டுப் போயிற்று. விற்றவரையும் குறைகூற இடமில்லை. அருமை அறிந்தவன் விலை கொடுத்தான், அவ்வளவே.

மற்றொன்று, தமிழ்ப்பெயர் பூண்ட கலம். ஐரோப்பியப் போர்களால் இங்கிலாந்தில் ஓக்கு மரம் அருகியபோது, ஆங்கிலேயர் பம்பாயில் மலையாளத்துத் தேக்கினாற் போர்க்கப்பல் கட்டுவித்தனர். கட்டியவர் பார்சி வகுப்பினராகிய ஜாம்செட்ஜி பொமன்ஜி வாடியா. தந்தை கைத்தொழிலை மகன் கற்றுத் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டிய குடும்பம் அது. ஏராவில் வெள்ளியாணி அறைந்து வேலை தொடங்குவது அவர்கள் வழக்கம். 1817-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் நீரில் இறக்கிய அக்கப்பலுக்குத் திருகோணமலை என்பதன் ஆங்கிலத் திரிபாகிய ட்ரிங்கோமலி என்று பெயரிட்டனர். சம்பந்தர் பாடிய கோணேசர் ஊரின் பெயர், வாய் திரிந்தேனும், ஒரு பீரங்கிக் கப்பலின்மேல் ஏறி உலகைச் சுற்றிற்று.

எண்பதாண்டு உழைத்தபின் 1897-இல் அதனை உடைத்து விற்கக் கொடுத்துவிட்டனர். அவ்வாண்டே வீட்லி காப் என்னும் செல்வர், தாம் வைத்திருந்த பூட்ராயண் என்ற வேறொரு பழங்கப்பலைப் பிளாக்பூல் கரையிற் புயலுக்குப் பறிகொடுத்தார். அவர் மனம் தளர்ந்திலர். உடைப்பார் கையிலிருந்து ட்ரிங்கோமலியை வாங்கி, இழந்த கலத்தின் பெயரையே இதற்கிட்டு, இளைஞருக்குக் கடற்பயிற்சிக் கூடமாக்கினார். அவர் மறைந்தபின்னும் 1986 வரை அப்பயிற்சி நடந்தது. 1987-இல் ஒரு பெருந்தெப்பத்தின்மேல் ஏற்றி ஹார்ட்டில்பூல் துறைக்குக் கொணர்ந்தனர். அத்துறை அதற்குப் புதிதன்று. 1862 முதற் பதினைந்தாண்டு அங்கே நின்ற கலமே அது. 1990-இல் தொடங்கிய திருப்பணி 2001-இல் நிறைவேறிற்று. இடையே 1992-இல் பழம்பெயரையும் திருப்பி அளித்தனர். செலவு 1 கோடி பவுனுக்கு மேல். பழைய உடல்மரத்தில் நூற்றுக்கு 60-க்கு மேற்பட்ட பகுதி இன்றும் அப்படியே உள்ளது. மிதக்கும் பிரித்தானியப் போர்க்கலங்களுள் அதுவே மிகப் பழையது.

இதற்குத் தேக்கே முதற்காரணம் என்பர். ஓக்கின் துவர்ப்பு இரும்பாணியை அரிக்கும். தேக்கின் எண்ணெயோ இரும்பைக் காக்கும். உண்மையே. ஆயினும் மரத்தின் வலி மட்டும் காத்ததன்று என்பதற்கு அதன் பக்கத்திலேயே ஒரு சான்று இருந்தது. டிரபால்கர் போரில் நின்ற இம்ப்ளாக்கபிள் என்னும் கப்பலும் போர்ட்ஸ்மத்தில் அதனோடு சேர்ந்து பயிற்சிக் கலமாய் இருந்ததே. அதனைச் செப்பனிடப் பொருள் கிட்டாமையால் 1949 டிசம்பரிற் கடலுக்குக் கொண்டுபோய், வெடிவைத்து மூழ்கடித்தார்கள். ஒரே துறையிற் கிடந்த இரண்டனுள் ஒன்றற்கு ஆள் கிடைத்தது, மற்றொன்றற்குக் கிடைக்கவில்லை.

உப்பளத்தாராகிய நம்மவர் அறியவேண்டுவது இன்னொன்று. மரக்கலத்தை அழிப்பது உப்புநீர் என்று பலரும் எண்ணுவர். கடலுட் கிடக்கும் பலகையை மரந்துளைக்கும் புழு அரிக்கும் என்பது மெய். அதனாலன்றோ அடியிற் செப்புத்தகடு அறைந்தனர். ஆனால் மரத்தை மக்கச் செய்வது மேல்தளத்திலும் வங்குகளின் இடுக்கிலும் தேங்கும் மழைநீரே. மேனாட்டுத் தச்சர் வங்குகளுக்கு நடுவே உப்பைக் கொட்டி அடைத்து மரத்தைக் காத்தனர். உப்பேற்றிய படகு உப்பால் அழிவதில்லை; வெறும்படகாய் மாரியிற் கிடந்துதான் அழியும். பழங்கலம் எங்கேனும் கிடைத்தால் முதற்செயல் அதன்மேற் கூரை வேய்தலேயன்றி, வண்ணம் பூசுதல் அன்று. அடுத்து, எதனையும் பிரிக்குமுன் அளந்து வரைதல் வேண்டும். சென்னை மாகாண மீன்துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெல் அவ்வாறே நம் கரைத் தோணிகளையும் கட்டுமரங்களையும் அளந்து 1920-இல் நூலாக வெளியிட்டார். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப்பின் ஃபைபர் படகுகள் கரையெங்கும் நிறைந்துவிட்டபடியால், அவர் எழுதிவைத்தவற்றுட் பலவற்றை இனிக் கண்ணாற் காண்டல் அரிது.

ட்ரிங்கோமலிக்கு ஒரு செல்வர் வாய்த்தார். கோடிக்கணக்கான பவுனை நம் சங்கத்தில் எவரும் எதிர்பாரார், நாமும் கேட்கவில்லை. கால்வாயில் உப்புப் படகு தள்ளியவர்களும் கயிறு இழுத்தவர்களும் இன்னும் நம் இல்லங்களிற் சிலர் இருப்பர். ஏரா, வங்கு, பருமல், சுக்கான் முதலிய உறுப்புகளுக்கு அவர்கள் வழங்கிய பெயர் யாது? பலகை எந்த மரம், கலப்பற்று எதனால், எத்தனை மூட்டை ஏறும், சென்னைக்கு எத்தனை நாள், இரவில் எங்கே தங்கினர் என்பவற்றைப் பிள்ளைகள் கேட்டெழுதிச் சங்கத்துக்கு அனுப்புக. கொல்லையிற் பழைய துடுப்போ, பலகையோ, பாய்மரத் துண்டோ கிடக்குமாயின் அதனை மழைபடாத இடத்தில் எடுத்து வைத்து, நீளமும் அகலமும் முழத்தால் அளந்தேனும் குறித்து அனுப்புக. எழுத்துப்பிழை பற்றி அஞ்சவேண்டா. திருத்திக்கொள்ளும் வேலை நம்முடையது.