யாரும் எழுதாத அட்டவணை

சென்னை ஐஐடி வடிவமைத்த சக்தி செயலி 2018இல் லினக்ஸை இயக்கிக் காட்டியது. அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரில் ஒரு சில்லும், சண்டிகரை அடுத்த மொகாலியின் செமிகண்டக்டர் லேபரட்டரியில் 180 நானோமீட்டரில் இன்னொன்றும் உருவாயின. அப்போது பேசப்பட்டது சில்லு பற்றித்தான். ஆனால் லினக்ஸ் எந்தச் சில்லில் எழுந்தாலும், தொடக்கத்தில் ஓர் அட்டவணையைத் தலையிலிருந்து கடைசிவரை படித்து, அதிலுள்ள செயற்கூறுகளை ஒவ்வொன்றாக அழைக்கிறது. அந்த அட்டவணையை எந்த மனிதரும் எழுதவில்லை; தனித்தனியே கம்பைல் ஆன ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கர் தொகுத்தது. இப்படிப் பொதுப் பட்டியலை ஒரே கோப்பிலிருந்து விடுவித்ததுதான், பெரிய மென்பொருளைப் பலர் சேர்ந்து எழுத வழிசெய்த மாற்றங்களில் முக்கியமானது என்பது என் வாதம்.

1990களின் லினக்ஸில் புதிய டிரைவர் ஒன்றைச் சேர்ப்பவர் பெரும்பாலும் இரண்டு இடங்களில் கைவைக்க வேண்டியிருந்தது: தன் கோப்பில் ஒருமுறை, எல்லோருக்கும் பொதுவான தொடக்கப் பட்டியலில் ஒருமுறை. பொதுப் பட்டியலோ நிபந்தனை வரிகளால் நிரம்பி வழிந்தது. இருவர் ஒரே நேரத்தில் அதைத் திருத்தினால் மோதல். ஒருவர் மறந்தால் டிரைவர் இருந்தும் இல்லாத கதை. தீர்வு லிங்கரின் பழைய குணத்திலேயே இருந்தது. ஒரே பெயருள்ள செக்‌ஷன்கள் எத்தனை ஆப்ஜெக்ட் கோப்புகளில் சிதறிக் கிடந்தாலும், அது அவற்றை அடுத்தடுத்து வைத்துவிடும். கல்வராயன் மலையின் ஓடைகள் ஒன்றையொன்று அறியாமலே கோமுகி அணையில் சேர்வதைப் போல, அவரவர் கோப்பிலேயே அந்தப் பொதுப் பெயரின் கீழ் வைத்த டிரைவர் பதிவுகள் ஒன்றுசேர்ந்து தொடர்ச்சியான அட்டவணையாகின்றன. அதன் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் குனு லிங்கர் தானே குறியீட்டுப் பெயர்களும் தரும். ஃப்ரீபிஎஸ்டியில் டெர்ரி லாம்பர்ட் 1995இல் எழுதிய தொடக்க அமைப்பு இதன்மேல் நின்றது. 2001இல் வந்த லினக்ஸ் 2.4இல் இது வழக்கமாகிவிட்டது. யு-பூட், செஃபிர் போன்ற ஃபர்ம்வேர்த் திட்டங்களும் இதே வழியில் வந்தன.

சிறு சில்லுகளில் இதன் மதிப்பு இன்னும் கூடுகிறது. இயங்கும்போது பதிவுசெய்யும் முறையில் ஒவ்வொரு உருப்படிக்கும் அடுத்ததைக் காட்டும் பாயின்டர் ரேமில் வேண்டும். 32 பிட் சில்லில் அது 4 பைட்; 200 உருப்படிகளுக்கு 800 பைட். மொத்த ரேமே 8 கிலோபைட் என்றால் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும். லிங்கர் அட்டவணையோ மாறிலியாக ஃபிளாஷிலேயே இருக்கிறது. ரேமும் செலவில்லை, பதிவுசெய்யும் நேரமும் செலவில்லை.

எதிர்ப்புகள் வலுவானவை. அட்டவணை மூலநிரலில் எங்குமே முழுதாகத் தெரிவதில்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் லிங்கர் எழுதும் மேப் கோப்பில் அது முழுதாக உண்டு. வரிசை உறுதியில்லை என்பார்கள். அதற்காகத்தான் லினக்ஸ் 0 முதல் 7 வரை படிநிலைகள் வகுத்தது. கம்பைலர் உருப்படிகளுக்கிடையே இடைவெளி விட்டால் அட்டவணை பிசகும். முழு ஸ்ட்ரக்சருக்குப் பதில் அதைக் காட்டும் பாயின்டரை மட்டும் செக்‌ஷனில் வைத்தால் இதைத் தவிர்க்கலாம். கடுமையான குறை வேறு. ஸ்டாடிக் லைப்ரரிக்குள் இருக்கும் கோப்பு வரையறுக்கும் எந்தக் குறியீட்டுப் பெயரையும் வேறு நிரல் குறிப்பிடாவிட்டால் லிங்கர் அதை எடுக்காது. பயன்படாதவற்றை நீக்கும் விருப்பமும் உருப்படிகளைத் தின்றுவிடலாம். இரண்டிலும் பிழைச்செய்தி வராது. முன்னதற்கு முழு லைப்ரரியையும் சேர்க்கும் கட்டளையும், பின்னதற்கு ஸ்கிரிப்டில் கீப் குறிப்பும் உண்டு. அட்டவணையின் அளவை லிங்கர் ஸ்கிரிப்டிலேயே சோதித்து, குறைந்தால் பில்டையே நிறுத்தவும் முடியும். கையால் எழுதிய பட்டியலில் ஒரு வரி விடுபட்டாலும் அதே மௌனம்தான். அங்கே இப்படியொரு காவல் பெரும்பாலும் இருந்ததில்லை.

ஒருவரே எழுதும் பத்து வரிப் பட்டியலுக்கு இது தேவையில்லை. பலர் எழுதி, சில உருப்படிகள் மட்டும் தேர்ந்து வரும் ஃபர்ம்வேருக்குக் கட்டாயம் தேவை. சக்தி போன்ற சில்லுகளுக்கு மென்பொருள் எழுதும் தலைமுறையை உருவாக்க நினைக்கும் நம் கல்லூரிகள், சென்னையிலானாலும் கள்ளக்குறிச்சியிலானாலும், கம்பைலரோடு பாடத்தை முடித்துவிடக் கூடாது. நிரலின் இறுதி வடிவம் முடிவாகும் இடம் லிங்கர். அதன் ஸ்கிரிப்டையும் மேப் கோப்பையும் படிக்கத் தெரிந்த மாணவருக்கே, தான் எழுதியது சில்லில் உண்மையில் இருக்கிறதா என்று சொல்ல முடியும்.